பலாவு ஜெல்லிமீன் ஏரி: எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும் எதனால்?

2016-இன் முதல் மாதங்களில், பசிபிக் தீவு நாடான பலாவின் ஜெல்லிமீன் ஏரியிலிருந்து பொன்னிற ஜெல்லிமீன்கள் மறையத் தொடங்கின. ஏறத்தாழ 80 லட்சம் என்று மதிப்பிடப்பட்டிருந்த கூட்டம் மார்ச் மாதத்தில் 6 லட்சமாகச் சுருங்கியது. அடுத்த சில மாதங்களில் அதுவும் கண்ணில் படவில்லை. இந்த மீன்களுக்கு நடுவே நீந்துவதற்காகவே தொலைதூர நாடுகளிலிருந்து ஆட்கள் வரும் ஏரி அது. பயணப் படகுகள் நின்றன. சுற்றுலாக்காரர்களும் அவர்கள் பூசிவரும் வெயில்தடுப்புக் களிம்பும்தான் காரணம் என்ற பேச்சு பரவியது. 2018 இறுதியில் ஏரி மறுபடி திறக்கப்பட்டபோது மீன்கள் திரும்பியிருந்தன.

எங்கிருந்து திரும்பின? வெளிக்கடலிலிருந்து வரவில்லை. யாரும் கொண்டுவந்து விடவும் இல்லை. ஏரியின் ஓரப் பாறைகளிலும் நீரில் மூழ்கிய வேர்களிலும் சில மில்லிமீட்டர் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பாலிப்புகளிலிருந்து, அதாவது ஜெல்லிமீனின் ஒட்டி வாழும் இளநிலையிலிருந்து, வந்தன. மூடிய உப்புநீர் ஏரிகளின் ஜெல்லிமீன் பெருக்கத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் நீரில் மிதக்கும் குடைகளை, அதாவது வளர்ந்த மீன்களை, மட்டும் பார்க்கிறார்கள். அந்தக் குடைகள் பாலிப்புகள் தந்த விளைச்சல். விளைச்சல் ஏன் கூடியது, ஏன் பொய்த்தது என்று தெரிந்துகொள்ள, நீரின் அடுக்குகளையும் ஏரியின் ஓரத்தையும்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றோடொன்று கலக்காத இரண்டு நீர்

பலாவு மக்கள் இந்த ஏரியை ஓங்கெய்ம்ல் திகெட்டாவ் என்கிறார்கள். ராக் தீவுகள் எனப்படும் சுண்ணாம்புப் பாறைத் தீவுக்கூட்டத்தில், எயில் மால்க் தீவின் உள்ளே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ இத்தீவுப் பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, நிலத்தால் சூழப்பட்ட, கடல்நீர் நிறைந்த 52 கடல் ஏரிகளும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். உலகில் வேறெங்கும் இவ்வளவு கடல் ஏரிகள் ஒரே இடத்தில் இல்லை.

ஏரி சுமார் 460 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம், சராசரி 30 மீட்டர் ஆழம். பரப்பு 5.7 ஹெக்டேர், அதாவது 14 ஏக்கர். நம் ஊர்களில் இதைவிடப் பெரிய கண்மாய்கள் நிறைய உண்டு. கடைசிப் பனியூழிக் காலம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன், பாறையின் வெடிப்புகள் வழியாகக் கடல்நீர் இந்தப் பள்ளத்துக்குள் ஏறியது. இப்போதும் மூன்று சுரங்க வழிகள் ஏரியைச் சுற்றியுள்ள கடற்கழியோடு இணைக்கின்றன. ஓதம் ஏறும்போது ஏரி மட்டமும் ஏறும். ஆனால் வெளியில் ஏறுவதில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே ஏறும், அதுவும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாமதமாக. ஒரு ஓதத்தில் மாறும் நீர் மொத்தத்தில் சுமார் 2.5 விழுக்காடு.

இந்தச் சுரங்கங்கள் மேல் அடுக்கில்தான் திறக்கின்றன. ஆகவே கடலோடு கொடுக்கல் வாங்கல் மேல்நீருக்கு மட்டும். சுற்றிலும் செங்குத்தான பாறையும் காடும் காற்றைத் தடுப்பதால் நீரைக் கலக்கிவிட அலையும் கிடையாது. அடிக்கடி பெய்யும் மழை, மேல்நீரின் உப்பைக் குறைத்து அதை இலகுவாக்கி மேலேயே நிறுத்தி வைக்கிறது. இப்படி நீண்ட காலமாக மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் பிரிந்தே நிற்கின்றன.

மேற்பரப்பிலிருந்து சுமார் 15 மீட்டர் வரை ஆக்சிஜன் உண்டு. மேலே லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் தொடங்கி, 15 மீட்டரில் பூச்சியமாகிறது. அந்த எல்லையில் ஊதா நிற ஒளிச்சேர்க்கை பாக்டீரியாக்கள் அடர்த்தியாக ஒரு படலமாகத் திரண்டிருக்கின்றன. மேலிருந்து வரும் மிச்ச வெளிச்சத்தை அவை உறிஞ்சிவிடுவதால் அதற்குக் கீழே இருட்டு. அந்த இருட்டில் ஆக்சிஜன் துளியும் இல்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் ஏராளம். அடித்தளத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு லிட்டருக்கு 80 மில்லிகிராமைத் தாண்டுகிறது. இந்த நஞ்சு தோல் வழியாகவே உடலில் ஏறக்கூடியது. சுவாசக் கருவி மாட்டியிருந்தாலும் காப்பு இல்லை. ஆழ்மூழ்கலுக்கு இங்கே தடை விதித்ததற்கு இதுவே முதற்காரணம். இன்னொன்றும் உண்டு: மூழ்குபவர் விடும் காற்றுக் குமிழிகள் மேலே இருக்கும் ஜெல்லிமீன் குடைகளுக்குள் சிக்கிச் சதையைச் சேதப்படுத்தும்.

ஜெல்லிமீன் சூழலியலுக்கு இந்த அடுக்கமைப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மீன்களுக்குக் கிடைக்கும் வீடு மேலே உள்ள 15 மீட்டர் மட்டும். வெப்பமோ உப்போ எல்லை மீறினால் ஆழத்துக்கு ஓடித் தப்ப வழியில்லை. திறந்த கடலில் வாழும் ஜெல்லிமீனுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

வெயிலைத் தின்று வாழும் மீன்

ஏரியில் இரண்டு வகை ஜெல்லிமீன்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கின்றன. ஒன்று பொன்னிற ஜெல்லிமீன். இந்த ஏரிக்கே உரிய துணை இனத்துக்கு மாஸ்டிகியாஸ் பாப்புவா எட்பிசோனி என்று பெயர். மற்றது நிலா ஜெல்லிமீன் எனப்படும் அவுரேலியா. பார்வைக்கு இரண்டும் ஒரே நீரில் மிதப்பவை என்றாலும், பிழைக்கும் வழி முற்றிலும் வேறு. ஏரியின் எண்ணிக்கைக் கதை முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

பொன்னிற மீனின் திசுக்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. பவளங்களுக்குள் வாழும் பாசிகளின் உறவினர்கள் இவை. அந்தத் தேன் நிறமே பாசியினுடையதுதான். பாசி ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி மீனுக்குப் போகிறது. மிதவை உயிரிகளையும் இந்த மீன் பிடித்துத் தின்னும். ஆனால் அன்றாடச் செலவுக்கான ஆற்றலில் பெரும் பங்கு வெயிலிலிருந்து வருகிறது. நிலா மீனிடம் பாசி இல்லை. நீரில் வாழும் நுண்ணிய ஓடுடலிகளான கோப்பிபாடுகளைப் பிடித்தே அது வாழ வேண்டும்.

பொன்னிற மீன்களின் புகழ்பெற்ற தினசரி வலசை பாசியின் தேவையிலிருந்து பிறந்தது. உயிரியலாளர் வில்லியம் ஹாம்னரும் உடன் பணியாற்றியவர்களும் 1980-களின் தொடக்கத்தில் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். விடியும்போது மீன்கள் ஏரியின் மேற்குப் பகுதியில் இருக்கும். வெளிச்சம் வந்ததும் சூரியன் இருக்கும் கிழக்கு நோக்கி நீந்தத் தொடங்கும். கிழக்குக் கரை மரங்களின் நிழல் நீரில் எங்கே தொடங்குகிறதோ அங்கே நின்றுவிடும். பிற்பகலில் சூரியன் சாயும்போது திரும்ப மேற்கு நோக்கி. நீந்தும்போது பல மீன்கள் தம்மைச் சுற்றியே சுழலவும் செய்கின்றன. குடையின் எல்லாப் பக்கத்துப் பாசிக்கும் வெளிச்சம் சீராகக் கிடைக்க இது உதவும்.

நிழற்கோட்டில் நிற்பதில் உயிர்க் கணக்கும் இருக்கிறது. ஓரத்து நிழலில் மூழ்கிய பாறைகளிலும் மரக்கிளைகளிலும் என்டாக்மியா மெடுசிவோரா என்னும் வெண்ணிறக் கடல் அனிமோன், பூப்போன்ற உருவமுள்ள ஒட்டி வாழும் விலங்கு, காத்திருக்கிறது. அதன் உணவே ஜெல்லிமீன். நிழலைத் தாண்டிக் கரையை ஒட்டிவிடும் மீன் அதன் பிடியில் சிக்கும். ஆகவே “எதிரியே இல்லாததால் இந்த மீன்கள் கொட்டும் திறனை இழந்துவிட்டன” என்று பயண விளம்பரங்கள் சொல்வது இரண்டு வகையில் தவறு. எதிரி உண்டு. கொட்டும் செல்களும் உண்டு. மிதவை உயிரிகளைப் பிடிக்க இன்றும் பயன்படுகின்றன. மனிதத் தோலுக்கு அந்தக் கொட்டு உறைப்பதில்லை, அவ்வளவுதான். உதடு போன்ற மென்மையான இடத்தில் பட்டால் லேசாக எரியலாம். கடற்கழியில் வாழும் மூதாதை இனத்தோடு ஒப்பிட்டால் ஏரி மீன் இழந்தவை வேறு: குடை மேல் இருந்த புள்ளிகளும், வாய்க்கரங்களின் நுனியில் தொங்கிய நீண்ட குச்சிகளும்.

இரவில் பொன்னிற மீன்கள் மேலும் கீழுமாகப் பலமுறை போய்வருகின்றன. ஆக்சிஜன் எல்லை வரை இறங்கி ஏறுகின்றன. அடியடுக்கில் தேங்கிக் கிடக்கும் நைட்ரஜன் சத்து அந்த எல்லையில் கசிந்து வருகிறது; பாசிக்கு வேண்டிய உரத்தை எடுக்கவே இந்தப் பயணம் என்று கருதப்படுகிறது. மேல்நீரில் சத்து மிகக் குறைவு என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் பொருத்தமாகவே படுகிறது. நிலா மீன்களோ இரவில் கோப்பிபாடுகளைத் தேடி மேலே வருகின்றன.

பாலிப்பு: கணக்கில் வராத முதல்

குடை நிலையில் உள்ள ஆண் பெண் மீன்கள் இனப்பெருக்கம் செய்கின்றன. கருவுற்ற முட்டை, மயிரிழைகளால் நீந்தும் பிளானுலா என்னும் சிறு இளவுயிரியாகிறது. அது கெட்டியான ஓர் இடத்தைத் தேடி ஒட்டிக்கொண்டு பாலிப்பாக மாறுகிறது. பாறை, வேர், சிப்பி ஓடு, விழுந்த கிளை எதுவாயினும் சரி. ஆனால் ஆக்சிஜன் உள்ள மேல் அடுக்கில் இருக்க வேண்டும். ஏரியின் நடுவே தரையில் போய் விழுந்தால் நஞ்சு நீரில் மடிவதுதான். ஆகவே 5.7 ஹெக்டேர் ஏரியில் பாலிப்பு வாழத்தக்க இடம், 15 மீட்டருக்கு மேலே சரிவாக ஓடும் கரையோரப் பட்டை மட்டும்.

பாலிப்பு பெருக ஆண் பெண் வேண்டியதில்லை. மாஸ்டிகியாஸ் பாலிப்பு, அதாவது பொன்னிற மீனின் பாலிப்பு, தன் பக்கவாட்டில் மொட்டு விட்டு, அந்த மொட்டு நீந்திப்போய் வேறிடத்தில் புதிய பாலிப்பாகிறது. குடை மீன் ஒன்றுகூட இல்லாத ஏரியிலும் இந்தப் பெருக்கம் நடக்கும்.

இளங்குடையை, அதாவது நீந்தும் சிறு ஜெல்லிமீனை, விடுவது வேறு வேலை. இங்கே இரண்டு இனங்களுக்கும் வேறுபாடு உண்டு. அவுரேலியா பாலிப்பு தன் உடலைக் குறுக்கே பல துண்டுகளாக்கி, ஒரே தடவையில் பல இளங்குடைகளை விடும். மாஸ்டிகியாஸ் பாலிப்பு ஒரு தடவைக்கு ஒரே ஒரு இளங்குடைதான் விடும். அதற்கும் பெரும்பாலும் நீரிலிருந்து பாசியைப் பெற்று உடலில் குடியேற்றியிருக்க வேண்டும். நீர் சூடேறிப் பாசி வெளியேறினால் இளங்குடை உற்பத்தி முடங்கும். மிதக்கும் மீன்கள் வயதாகி இறந்துகொண்டே இருக்கும். இடத்தை நிரப்ப ஆள் வராது. சில மாதங்களில் ஏரி வெறிச்சோடும். யாரோ எதையோ கொட்டி மீன்களைக் கொன்றதுபோல் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும். நடந்தது வரத்து நின்றதுதான்.

திரும்பி நிரம்புவது மெதுவாக இருப்பதற்கும் இந்த ‘ஒரு தடவைக்கு ஒன்று’ கணக்கு ஒரு காரணம்.

1998-உம் 2016-உம்

ஏரி வெறிச்சோடியது 2016-இல் முதல்முறை அல்ல. 1997-98-இல் வலுவான எல் நினோ, அதாவது பசிபிக் கடல்நீரின் வெப்பம் மாறி வானிலையைப் புரட்டிப்போடும் நிலை. அதைத் தொடர்ந்து அதன் எதிர்நிலையான லா நினா. மேற்குப் பசிபிக்கில் கடல்நீர் சூடேறியது. 1998-இல் பலாவின் பவளங்கள் பெருமளவில் வெளிறின. ஏரியிலும் வெப்பநிலை ஏறியது. மேற்பரப்பு மட்டும் சூடாகியிருந்தால் மீன்கள் சற்று ஆழத்துக்கு இறங்கித் தப்பியிருக்கும். ஆக்சிஜன் உள்ள அடுக்கு முழுவதும் சூடாகிவிட்டது. ஏறத்தாழ 31 பாகை செல்சியஸைத் தாண்டி வெப்பம் நீடித்தால் பாசிக்கும் மீனுக்குமான உறவு குலைகிறது. அந்த ஆண்டின் இறுதிக்குள் பொன்னிற மீன்கள் மறைந்தன.

அப்போதும் சந்தேகம் முதலில் சுற்றுலா மீதுதான் விழுந்தது. 2001-இல் வெளியான ஆய்வு, பயணிகளின் வரவையும் நீரின் அளவீடுகளையும் சேர்த்துப் பார்த்து, காரணம் பருவநிலைதான் என்று காட்டியது. எனக்கு இதில் மிக வலுவான சான்றாகப் படுவது நிலா மீன்கள். அதே ஏரியில், அதே பயணிகளுக்கு நடுவே இருந்தும் அவை மறையவில்லை. நஞ்சோ மனிதர் உண்டாக்கிய கலக்கலோ காரணம் என்றால் இரண்டு இனமும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். பாசியை நம்பி வாழும் இனம் மட்டும் விழுந்தது. பாசி இல்லாத இனம் நின்றது. விரல் வெப்பத்தையும் பாசியையும் நோக்கியே நீள்கிறது.

2000-இல் பொன்னிற மீன்கள் மறுபடி தென்பட்டன. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஏறிக்கொண்டே போய், 2005-இல் மூன்று கோடி அளவில் மதிப்பிடப்பட்டன. அவ்வளவு உயரத்தில் அது நிலைத்து நிற்கவும் இல்லை. ‘இயல்பான எண்ணிக்கை’ என்று ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு அதற்குக் கீழே போனாலே ஆபத்து என்று அலறுவது இந்த ஏரியில் செல்லாது. பத்தாண்டில் பூச்சியத்துக்கும் மூன்று கோடிக்கும் நடுவே ஆடுவது இதன் சுபாவம்.

2016-இல் வேறு பாதையில் அதே முடிவு வந்தது. 2015-16 எல் நினோ பலாவில் கடும் வறட்சியைக் கொண்டுவந்தது. பல பத்தாண்டுகளில் காணாத மழைக்குறைவு. மழை இல்லாதபோது மேல்நீரில் உப்பு ஏறியது. மேகம் மறைக்காத வெயிலில் நீரும் சூடேறியது. மேல்நீரின் உப்பு கூடினால் அதன் எடையும் கூடும். அடுக்குகளைப் பிரித்து வைக்கும் வேறுபாடு சுருங்கும். மழையோடு காட்டுச் சரிவிலிருந்து வரும் இலைச்சருகுச் சத்தும் குறையும். பழகிய நீரில் பலவும் ஒரே சமயத்தில் மாறுகின்றன. வெப்பமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் இந்தப் பாதையைத் தவறவிட்டுவிடுவார். மழைமானியும் உப்பு அளவியும் சேர்ந்தே வேண்டும்.

வெயில்தடுப்புக் களிம்பின் பங்கு? 2017-இல் வெளியான ஆய்வில் ஏரியின் நீரிலும் படிவிலும் ஜெல்லிமீன் திசுவிலும் களிம்பு வேதிப்பொருள்கள் இருப்பது தெரிந்தது. நீர் எளிதில் வெளியேறாத ஏரியில் அவை தங்கிப்போவது கவலைக்குரியது. பலாவு அரசு 2018-இல் சட்டம் இயற்றி, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து குறிப்பிட்ட வேதிப்பொருள்கள் உள்ள களிம்புகளைத் தடை செய்தது. சரியான முடிவு. ஆனால் 2016-இன் சரிவுக்குக் களிம்பே காரணம் என்று இதைத் திருப்பிச் சொல்வது தவறு. களிம்பைத் தடுத்துவிட்டதால் அடுத்த எல் நினோவுக்கு ஏரி தாங்கும் என்று நம்புவது அதைவிடப் பெரிய தவறு.

எப்படி எண்ணுகிறார்கள், எங்கே பிசகும்

பலாவில் உள்ள கோரல் ரீஃப் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்னும் ஆய்வு நிறுவனம் 1990-களின் இறுதியிலிருந்து இந்த ஏரியைக் கண்காணித்து வருகிறது. இத்தகைய ஏரியில் எண்ணும் முறை எளிதாகத் தோன்றும். வட்ட வாயுள்ள வலையை 15 மீட்டர் வரை இறக்கி நேராக மேலே இழுத்து, விழுந்ததை எண்ணி, குடை விட்டத்தை அளந்து, திரும்ப நீரில் விடுவது. ஏரி முழுவதும் பரவலாகப் பல இடங்களில் இதைச் செய்து சராசரி எடுப்பது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அந்த எண்களின் பலமும் பலவீனமும் புரியும். ஒரு மீட்டர் விட்டமுள்ள வலையின் வாய்ப் பரப்பு 0.785 சதுர மீட்டர். ஏரியின் பரப்பு 57,000 சதுர மீட்டர். ஓர் இழுப்புக்குச் சராசரி 110 மீன் விழுந்தால், சதுர மீட்டருக்கு 140. ஏரிக்கு 80 லட்சம். சராசரி 8 விழுந்தால் ஏரிக்குச் சுமார் 5 லட்சத்து 80 ஆயிரம். ஆக, 80 லட்சத்திலிருந்து 6 லட்சம் என்ற சரிவை வலையின் பக்கத்திலிருந்து சொன்னால், நூற்றுக்கு மேல் விழுந்த இடத்தில் எட்டு விழுவது. இவ்வளவு பெரிய மாற்றத்தை வலை தவறவிடாது.

அடிமட்டத்தில்தான் பிசகு. 15 இழுப்பு இழுத்தால் மொத்தம் அரித்த பரப்பு சுமார் 11.8 சதுர மீட்டர். ஏரியில் ஏறத்தாழ 4,800-இல் ஒரு பங்கு. பதினைந்திலும் ஒன்றும் விழவில்லை என்றால் ஏரியில் மீனே இல்லை என்று பொருளல்ல. மீன்கள் சீராகப் பரவியிருந்தால்கூட 14,000-க்கும் மேல் மீன்கள் இருந்து, வலையில் ஒன்றுகூடச் சிக்காமல் போக இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. கூட்டமாகத் திரண்டிருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். ‘பூச்சியம்’ என்ற செய்தியை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

பகலில் எண்ணக் கூடாது. பகலில் பொன்னிற மீன்கள் வெயிலைத் தொடர்ந்து ஒரு பக்கம் குவிந்திருக்கும்; அந்தக் குவியலில் இழுத்த வலை கோடிகளைக் காட்டும், இருநூறு மீட்டர் தள்ளி இழுத்தது ஏதும் காட்டாது. ட்ரோன் படமும் இதே காரணத்தால் ஏமாற்றும். மேலும் அது முதல் ஒன்றிரண்டு மீட்டரை மட்டும் பார்க்கும். வலையை வேகமாக இழுத்தால் முன்னே தள்ளப்படும் நீர் இளங்குடைகளை விலக்கிவிடும். மிக மெதுவாக இழுத்தால் பெரியவை நீந்தித் தப்பும். படகு காற்றில் நகர்ந்து கயிறு சாய்ந்தால், 15 மீட்டர் கயிறு விட்டிருந்தாலும் வலை 12 மீட்டரில்தான் நிற்கும். கரையோரத்தில் 15 மீட்டர் ஆழமே இல்லாத பகுதிகளை நடுஏரியின் அடர்த்தியால் பெருக்கினால் மொத்தம் ஊதிப்போகும்.

குடை விட்டத்தை அளப்பதை நேரச் செலவு என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. எண்ணிக்கையைவிட அதிலிருந்தே முன்னெச்சரிக்கை கிடைக்கிறது. ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான இளங்குடைகள் ஒவ்வொரு மாதமும் வலையில் வந்துகொண்டிருந்தால் பாலிப்புகள் வேலை செய்கின்றன. மொத்த எண்ணிக்கை பெரிதாக இருந்து, எல்லாம் பெரிய மீன்களாகவே இருந்தால் வரத்து நின்றுவிட்டது. இன்னும் சில மாதங்களில் சரிவு வரும். மொத்தம் சிறிதாக இருந்தும் இளங்குடைகள் தென்பட்டால் மீட்சி தொடங்கிவிட்டது. இதற்கு வலைக்கண் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். பெரிய கண் வலை, மிக முக்கியமான ஆட்களைத் தப்பவிட்டுவிடும்.

கூடவே மாதந்தோறும் ஒரே இடத்தில், ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் வெப்பம், உப்பு, ஆக்சிஜன் மூன்றும் அளக்கப்பட வேண்டும். பார்க்க வேண்டியது மேற்பரப்பு அளவை அல்ல; 5 மீட்டருக்கும் 13 மீட்டருக்கும் நடுவே உள்ள நீரை. அது குளிர்ச்சியாக இருக்கும்வரை மீன்களுக்கும் பாலிப்புகளுக்கும் ஒதுங்க இடம் உண்டு. ஆக்சிஜன் எல்லை 15 மீட்டரிலிருந்து மேலே ஏறினால் வீடு சுருங்குகிறது.

இதே பெருக்கம், வேறு இயந்திரம்

பலாவில் கற்றதை அப்படியே வேறொரு மூடிய உப்புநீருக்குப் பொருத்தினால் தவறு நேரும். குரோவாசியாவின் மிலியெட் தீவில் வேலிகோ யெசெரோ என்ற உப்புநீர் ஏரி, குறுகிய வாய்க்கால் வழியே அட்ரியாட்டிக் கடலோடு இணைந்திருக்கிறது. அங்கே வாழும் அவுரேலியாவை 2017-இல் தனி இனமாகவே பெயரிட்டார்கள். பாசி இல்லாத இனம் அது. கோடையில் மேல்நீர் சூடேறியதும் குளிர்ந்த அடிநீருக்கு இறங்கிவிடுகிறது. அங்கே அடிநீர் நஞ்சல்ல, அடைக்கலம். ஆகவே கவலைப்பட வேண்டியது அந்த அடிநீர் ஆண்டுக்கு ஆண்டு சூடேறுகிறதா என்பதைப் பற்றி.

ஸ்பெயினின் மார் மெனோர் இன்னொரு வகை. 135 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, ஆழம் குறைந்த, கடலைவிட உப்பு மிகுந்த கடற்கழி. 1970-களில் கடலுக்கான வாய்க்கால் அகலப்படுத்தப்பட்டதும் உப்பு குறைந்து, புதிய இனங்கள் நுழைந்தன. சுற்றுப்புற வயல்களுக்குப் பாசன நீர் வந்தபின் நைட்ரேட் உரம் வழிந்து வந்தது. 1990-களில் கோட்டிலோரைசா, ரைசோஸ்டோமா என்ற இரண்டு ஜெல்லிமீன்கள் கோடைதோறும் பெருகின. மீனவர்களைக் கொண்டு வலைபோட்டு அள்ளி அகற்றினார்கள். அந்த ஜெல்லிமீன்கள் செய்துகொண்டிருந்த ஒரு வேலையும் உண்டு: உரத்தால் பெருகும் நுண்பாசிகளைக் கட்டுக்குள் வைக்கும் உணவுச் சங்கிலியில் அவை ஒரு கண்ணி. உரம் தொடர்ந்து வந்தது. 2016-இல் நீர் பச்சைக் குழம்பாகி, வெளிச்சம் கிடைக்காமல் அடித்தளத் தாவரங்களில் பெரும்பகுதி அழிந்தது. 2019-இலும் 2021-இலும் மீன்கள் மூச்சடைத்துக் கரையொதுங்கின. வரத்தான உரத்தை நிறுத்தாமல் ஜெல்லிமீனை அள்ளுவதால் ஏரி தெளியாது.

பலாவில் பெருக்கம் தெளிந்த, சத்துக் குறைந்த நீரின் விளைவு. மார் மெனோரில் கெட்ட நீரின் விளைவு. ‘ஜெல்லிமீன் கூடினால் கடல் கெட்டுவிட்டது’ என்ற பொது வாய்பாட்டை ஏரிகளில் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும்.

வெறிச்சோடிய ஏரியில் செய்யக் கூடாதவை

மீன்கள் மறைந்ததும் எழும் முதல் யோசனை, பக்கத்து ஏரியிலிருந்து கொண்டுவந்து விடலாம் என்பது. செய்யவே கூடாது. பலாவின் ஐந்து ஏரிகளில் வாழும் மாஸ்டிகியாஸ் மீன்கள் உருவத்திலும் நடத்தையிலும் மரபணுவிலும் பிரிந்துவிட்டன. ஆய்வாளர் மைக்கேல் டாசன் 2005-இல் அவற்றை ஐந்து துணை இனங்களாக விவரித்து, பலாவின் குடியரசுத் தலைவர்கள் ஐவரின் பெயரைச் சூட்டினார். திகெட்டாவ் ஏரி மீனுக்கு எட்பிசன் பெயர். பல ஆயிரம் ஆண்டுத் தனிமையில் உருவான இந்த வேறுபாடு, ஒரு வாளி மீனை மாற்றி ஊற்றினால் கலைந்துவிடும். பாலிப்புகள் இருக்கும்வரை அதற்குத் தேவையும் இல்லை.

இரண்டாவது ஆபத்து வேண்டாமலேயே உள்ளே வருவது. 2003-இல் இந்த ஏரியில், பயணிகள் இறங்கும் மரத்தளத்தின் அருகே, எக்ஸைப்டேசியா என்னும் வேற்றிடக் கடல் அனிமோன் கண்டறியப்பட்டது. பின்னர் ஏரி முழுவதும் பரவியது. அதுவும் பாலிப்பு வாழும் அதே ஓரப் பட்டையில், அதே கெட்டியான பரப்பில்தான் ஒட்டுகிறது. குடைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் போட்டி தெரியவே தெரியாது. ஓரத்தில் சிறு தகடுகளைக் கட்டித் தொங்கவிட்டு, அவற்றில் எத்தனை பாலிப்பு, எத்தனை அனிமோன் ஒட்டுகின்றன என்று குறிப்பிட்ட இடைவெளியில் பார்ப்பது செலவு குறைந்த, மிகப் பயனுள்ள கண்காணிப்பு.

ஏரியில் இறங்குபவருக்கான நடைமுறைகளும் இங்கிருந்தே வருகின்றன. கண்ணாடி, துடுப்புக் காலணி, நீச்சலுடை எல்லாவற்றையும் ஏரிக்கு வருமுன் நன்னீரில் அலசி முழுக்க உலர்த்த வேண்டும். ஒரே நாளில் கடலில் நனைத்த உடையோடு ஏரியில் இறங்குவதுதான் மிகுதியாக நடக்கும் தவறு. களிம்புக்குப் பதில் கை, கழுத்து மறைக்கும் சட்டை. துடுப்புக் காலை மெதுவாக, சிறு வீச்சில் அசைக்க வேண்டும். வேகமாக உதைத்தால் குடைகள் கிழியும். மீனை நீருக்கு வெளியே தூக்கக் கூடாது. நீரின் தாங்கல் இல்லாமல் அதன் எடையே அதைக் கிழிக்கும். கரையோர வேரையோ பாறையையோ பிடித்து ஓய்வெடுக்க வேண்டாம். களைத்தால் மிதவைச் சட்டையோடு ஏரியின் நடுவிலேயே மிதந்து நிற்கலாம். நீங்கள் பிடிக்க நினைக்கும் அந்த வேரில் பாலிப்புகள் ஒட்டியிருக்கக்கூடும்.